அசையாமல் நின்ற காட்டெருமை

கீழைக்காட்டுக்கும் மேலைக்காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு குளம். கோடையில் இரண்டு காட்டுக்கும் அது போதாது. அதற்கு ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். வாயில் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு, எதிராளியைத் தாண்டிப் புளியமரத்தைத் தொட வேண்டும். தொட்டால் குளம் கிடைக்கும். முதல் தடவை தவறினால் இன்னொரு தடவை ஓடலாம். அதுவும் தவறினால் கோடை முழுக்க நாக்கு வறண்டு அலைய வேண்டியதுதான்!

கீழைக்காட்டுக்காக ஓடுகிறவன் துள்ளான் என்ற முயல். அவனுக்கு முன்னால் நின்று இடி வாங்குகிறவன் பாறையன் என்ற காட்டெருமை. முயல் தரையில் காலைத் தட்டும்வரை பாறையன் அசையக் கூடாது. அசைந்தால் அந்த வாய்ப்பு போச்சு! வருஷா வருஷம் அடி வாங்கி அவன் மூட்டு வீங்கிக் கிடந்தது. வெற்றி மாலை மட்டும் முயலின் கழுத்துக்கு!

இந்தக் கோடையில் துள்ளான், “அண்ணே, நீங்க சும்மாதானே நிக்கிறீங்க? அந்த நொண்டிக் காலோட எதுக்கு? கலைமான் நிக்கட்டும். பார்க்கவும் லட்சணமா இருக்கும்!” என்றான்.

பாறையனுக்கு நெஞ்சே வலித்தது. “சரி தம்பி” என்று ஓரமாகப் போய்ப் படுத்தான்.

பந்தயம் தொடங்கியது. எதிரே மேலைக்காட்டுப் பன்றி. “உர்ர்ர்!” என்று பாய்வதுபோல் பாசாங்கு செய்தது. அவ்வளவுதான்! முயல் காலைத் தட்டுமுன்பே கலைமான் கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னே குதித்துவிட்டது. திறந்த வழியில் பன்றி புகுந்து முயலை முட்டித் தள்ளியது. ஒரு வாய்ப்பு போயே போச்சு!

துள்ளான் பாறையனிடம் ஓடினான். “அண்ணே! தெரியாம பேசிட்டேன். குட்டிங்க எல்லாம் தாகத்துல செத்துப்போகும். வாங்கண்ணே!”

பாறையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஓரத்தில் நாக்கு வறண்டு நின்ற அந்தக் குட்டிகளைப் பார்த்தான். எழுந்து வந்து தன் இடத்தில் நின்றான்.

“வெட்கமா இல்ல? துரத்திவிட்டவனுக்கே காவலா?” என்று பன்றி சீண்டியது. பாறையன் அசையவில்லை.

“நொண்டி! ஒரே முட்டுல சாயப்போறே, பாரு!” பன்றி மண்ணைக் கீறியது. பாய வந்தது. சட்டென்று நின்றது. பாறையனுக்கு முன்னே பாயத் தோன்றியது. இப்போது நகர்ந்தால் குளமே போச்சு! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

டொப்! துள்ளான் காலைத் தட்டினான்.

பாறையன் பாய்ந்தான். பன்றி அந்த வீங்கிய மூட்டிலேயே மோதியது. ஐயோ, உயிர் போகிற வலி! இருந்தும் அவன் வழிவிடவில்லை. பன்றியோடு புரண்டு விழுந்தான். துள்ளான் ஓடிப்போய்ப் புளியமரத்தைத் தொட்டுவிட்டான்.

காடே கூத்தாடியது. எல்லோரும் முயலைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனோ அவர்களை விலக்கிக்கொண்டு திரும்பி ஓடினான். பாறையன் எழ முடியாமல் கிடந்தான். இனி அவன் பந்தயத்தில் நிற்கப்போவதில்லை.

“மரத்தைத் தொட்டியா தம்பி?”

“தொட்டுட்டேன் அண்ணே! நீங்க பார்க்கலையா?”

“நான் என்னைக்குடா பார்த்தேன்? நீ ஓடும்போதெல்லாம் நான் எவனுக்காவது அடியிலதானே கிடப்பேன்!”

துள்ளான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

நமக்காக முன்னால் நின்று அடி வாங்குகிறவனின் அருமையை, அவன் விழுவதற்கு முன்பே உணர வேண்டும்.