முதலாளி அழிக்கச் சொன்னது

மில் முதலாளி கோதண்டபாணி புதுக் காரைத் தானே ஓட்டிப்போய், சைக்கிளில் வந்த பால்காரரின் காலை உடைத்துவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த டிரைவர் சூசைதான் அடிபட்டவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினான். முதலாளி இறங்கவே இல்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை, ஏ.சி. நின்றால் அவருக்கு ஆகாது.

சூசை திரும்பி வந்ததும், "வண்டியை நீதான் ஓட்டினேன்னு ஸ்டேஷன்ல சொல்லணும். கேமராவுல இடிச்ச படத்தை அழிச்சுடு," என்றார்.

அது முன்கண்ணாடியில், காரோடு சேர்ந்தே வந்த கேமரா. தினமும் அதன் லென்ஸைத் துடைப்பவன் சூசை. இடித்த படத்தை அழித்தான்.

ஸ்டேஷனில் முதலாளியும் கூட இருக்க, இன்ஸ்பெக்டர், "யார் ஓட்டினது?" என்று கேட்டார்.

"முதலாளி சொல்லச் சொன்னதுல ஒரு வார்த்தை மாறக் கூடாதுங்க. கார்ல இருக்கிற கேமராவையே கேட்டுடுங்க," என்றான் சூசை.

போட்டுப் பார்த்தார்கள். நின்ற காருக்கு முன்னால் சாலையும் உருண்டு கிடந்த பால் கேனும் தெரிந்தன. "வண்டியை நீதான் ஓட்டினேன்னு ஸ்டேஷன்ல சொல்லணும்" என்று முதலாளியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அழிக்கச் சொன்னேனேடா!" என்று கத்திவிட்டார் முதலாளி.

"இடிச்சதை அழிக்கச் சொன்னீங்க, அழிச்சுட்டேன். எஞ்சின் ஓடுற வரைக்கும் அது உள்ளே பேசுறதையும் பதியுமுங்க. நீங்க சொன்னதை அழிக்கச் சொல்லலையே, முதலாளி."