நிற்கிற மனிதனைப் பார்க்க ஆசைப்பட்ட சாத்துக்குடி

தென்காசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பழக்கடை. அந்தக் கடையில் ஒரு சாத்துக்குடி இருந்தது. நல்ல உருண்டை, நல்ல சாறு, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

மனிதனைப் பற்றி அந்தக் கடைப் பழங்களுக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. மனிதன் என்பவன் கட்டிலில் படுத்தே கிடக்கும் பிராணி. அவனுக்கு எந்நேரமும் வாய் கசக்கும். பழத்தைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குள் போய், யாரும் தொடாமல், மறுபடி கடைக்கே திரும்பி வந்த ஆப்பிள் ஒன்று சொன்ன சேதி இது. நேரில் பார்த்தவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேச முடியும்?

சாத்துக்குடி மறுத்துப் பேசியது. "நம்மள வாங்க வாராங்களே, அவங்கல்லாம் நிக்காங்களே?"

"அவங்க வாங்குறவங்க. திங்கிறவங்க இல்ல," என்றது ஆப்பிள். "நிக்கிறவன் எதுக்கு நம்மளத் திங்கப் போறான்? அவன் உடம்புக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

சாத்துக்குடிக்கு மனசு ஒப்பவில்லை. தன்னைத் தின்கிற ஆள் நின்றுகொண்டு தின்ன வேண்டும். முழங்கை வரை சாறு வழிய வேண்டும். அதை நக்கவும் வேண்டும். அப்படி ஒருவரைப் பார்த்துவிட்டால் போதும் என்று அது தினமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மாசிக் கடைசியில் ஒருநாள் மாசானமுத்து கடைக்கு வந்தான். மரக்கடையில் லோடு ஏற்றுகிறவன். கூட வேலை பார்க்கும் ஆவுடையப்பன் காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போகிற வழியில் இறங்கினான். நாலு சாத்துக்குடியும் ஒரு பிரெட் பாக்கெட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"எங்க போறோம்?" என்று சாத்துக்குடி கேட்டது.

"வேற எங்க? கட்டிலுக்குத்தான்," என்றது பிரெட். அதற்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

ஆவுடையப்பன் வீட்டில் பீரோவின் மேல் ஏற்கெனவே ஒரு பழக்கடையே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கொடுத்தது. அடியில் இருந்த திராட்சை அழுகி வாடை வீசியது. மாசானமுத்து தான் கொண்டுவந்ததையும் அதன் மேலேயே வைத்தான். கட்டிலில் ஆவுடையப்பன் கிடந்தான். மரத்தடியைத் தோளில் வைத்து ஓடுகிற ஆள், தலையணையைத் திருப்பிப் போடத் தெம்பில்லாமல் கிடந்தான். அவன் கால்மாட்டில் சளிக்காய்ச்சல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அது மனிதர் கண்ணுக்குத் தெரியாது, பழங்களுக்குத் தெரியும்.

"வாங்க, வாங்க!" என்றது சளிக்காய்ச்சல். "இன்னும் வருது பாரு. எனக்கு என்ன மரியாதை, என்ன மரியாதை!"

"உனக்கா? அந்த அண்ணாச்சிக்குன்னுல்லா எங்கள வாங்குனாங்க," என்றது சாத்துக்குடி.

"அவன் வருஷம் பூராவும் இங்கதான இருந்தான்? ஒரு பழம் வந்துச்சா? நான் வந்தேன், பின்னாலயே நீங்க வந்தீங்க. அப்போ வரவேற்பு யாருக்கு?"

சாத்துக்குடி துணைக்கு ஆள் தேடியது. பிரெட்டைப் பார்த்தது. பிரெட் வேறு பக்கம் பார்த்தது.

"இவன் வீட்டுல எனக்கு ஜோலி முடிஞ்ச மாதிரிதான்," என்று சளிக்காய்ச்சல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனது. "சாரல் விழட்டும், உன்ன வாங்கிட்டு வந்தவன் வீட்டுக்குப் போவேன். உலகம்மைன்னு சின்னப் புள்ள ஒண்ணு இருக்கு. உலகு, உலகுன்னு கூப்புடுவாங்க. போன சாரலுக்கு அது நெஞ்சுக்குள்ள பாய விரிச்சுப் படுத்தேன். புள்ள மூச்சுக்குத் திணறுச்சு. ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் மாட்டினாங்க. இந்தத் தடவ இன்னும் வசதி. காலையில டீத்தண்ணியில பிஸ்கட்டு, மத்தியானம் ரெண்டு வாய் வெறுஞ்சோறு, சாயந்தரம் ஒரு பாக்கெட் சிப்ஸ். உடம்புக்குள்ள காவலுக்கு நிக்கிறவன்லாம் பசியில சுருண்டு கெடக்கான்."

சாத்துக்குடிக்குத் தோலெல்லாம் கூசியது. அந்தப் பிள்ளையை அது பார்த்ததில்லை. ஆனாலும் அதற்குப் பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இந்தச் சளிக்காய்ச்சலை முந்திக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தது.

மாசானமுத்து எழுந்து, "அப்போ வாரேம்ல, உடம்பப் பாத்துக்கோ," என்று சொன்ன நேரம், சாத்துக்குடி மூச்சைப் பிடித்து ஒரு புரள் புரண்டது. பீரோவிலிருந்து தொப்பென்று விழுந்து, உருண்டு போய் அவன் காலில் முட்டி நின்றது.

ஆவுடையப்பன் மனைவி கோமதி சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, அதுவே உங்க கூட வாரேங்குது. இங்க திங்க ஆளில்ல, எல்லாம் அழுகுது. எடுத்துட்டுப் போங்க, உலகுக்குக் குடுங்க."

"சும்மா இரு தங்கச்சி. புள்ள நல்லாத்தான் இருக்கா. ஒண்ணும் இல்லாத புள்ளைக்கு எதுக்குப் பழம்?"

கட்டிலில் இருந்து ஈனக்குரல் வந்தது. "மாசானம்... நல்லா இருந்தப்ப எனக்கு எவனாவது ஒரு பழம் வாங்கித் தந்தீங்களால? இப்ப தாரீங்க, தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. கொண்டு போலே."

மாசானமுத்து நாலு பழத்தையும் பையில் போட்டுக்கொண்டான். பிரெட் அங்கேயே தங்கிவிட்டது.

அவன் வீட்டு முற்றத்தில் சாத்துக்குடி பையின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. ஒரு சிறுமி கயிறு குதித்துக்கொண்டிருந்தாள். நிற்கிற மனிதனைப் பார்க்க ஆசைப்பட்ட சாத்துக்குடிக்குக் குதிக்கிற மனிதனே கிடைத்துவிட்டது! அது ஆனந்தத்தில் பைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றியது.

உலகு பையைப் பார்த்தாள். குதிப்பதை நிறுத்தினாள். மெல்லப் புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"யப்பா... எனக்குக் காய்ச்சலா?"

மாசானமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் மனைவி செண்பகத்துக்கு வரவில்லை. மூக்கில் குழாயோடு மகள் கிடந்ததை அவள் மறக்கவே இல்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் வந்தாத்தான் பழமுன்னு இந்தப் புள்ள மனசுல பதிய வச்சிருக்கோமே, நமக்குப் புத்தி இருக்கா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "வந்த பெறவு வாங்குறத முன்னாலயே வாங்குனா என்னவாம்?"

உலகு அந்தச் சாத்துக்குடியை நின்றுகொண்டே தின்றாள். முழங்கை வரை சாறு வழிந்தது. நக்கினாள். விதையைத் தூவென்று துப்பினாள். அது முற்றத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போய் விழுந்தது. சாறு உள்ளே, விதை வெளியே என்றாலும் ஆள் ஒன்றுதான். ஆகவே அதைச் சாத்துக்குடி என்றே நாம் சொல்லலாம்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய அப்பனிடம் உலகு வாசல் வரை வந்து சொன்னாள்: "யப்பா, காய்ச்சல் இல்லாத பழம் வாங்கிட்டு வா."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் காய்ச்சல் இல்லாத பழம் வர ஆரம்பித்தது. எல்லா நாளும் சாத்துக்குடிதான் என்றில்லை. கொய்யா வந்தது, நெல்லிக்காய் வந்தது. மரக்கடைக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து மாசானமுத்து கீரை ஒடித்துக்கொண்டு வந்தான். பாசிப்பயறு வெந்தது, முட்டை வெந்தது. முருங்கைக்கீரையைக் கண்டு உலகு முதலில் ஊரைக் கூட்டினாள். செண்பகம் தேங்காயைத் தாராளமாகத் துருவிப் போட்டதும் அடங்கினாள்.

"என்னய்யா நடக்கு இந்த வீட்டுல?" என்றது கறிவேப்பிலை. "காலங்காலமா என்னத் தட்டோரமா ஒதுக்கித்தான் வைப்பாங்க. இப்ப என்னையும் மெல்லுதாங்க!"

சாத்துக்குடி முளைத்து இரண்டு இலை விட்டது. அந்த இலைகளை நிமிர்த்தி அது ஆனிச் சாரலை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

சாரல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ போட்ட தும்மலில் ஏறி, உலகுவின் கூடவே சளிக்காய்ச்சல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"என்ன, நீ இங்கயா இருக்க?" என்று தொட்டியைப் பார்த்து இளித்தது. "ரெண்டு இலைய வச்சுக்கிட்டு என்ன மறிக்கப் போறியா?"

"மறிக்க முடியாது. தெரியும்," என்றது சாத்துக்குடி.

உலகுவுக்கு மூக்கு ஒழுகியது, உடம்பு சுட்டது, சுருண்டு படுத்தாள். செண்பகம் பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. மூச்சு வாங்குனா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க," என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். அப்படியும் செண்பகம் சாமி படத்தைப் பார்ப்பதும் மகளின் நெஞ்சைப் பார்ப்பதுமாக இருந்தாள். சாத்துக்குடியும் முற்றத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. மூச்சு சீராக வந்தது. மறுநாளும் சீராகவே வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் சளிக்காய்ச்சல் முற்றத்துக்கு வந்தது. முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன, அதுக்குள்ள கெளம்பிட்ட?" என்றது சாத்துக்குடி.

"அட போப்பா. நல்லாத் தின்ன ஆளையும் சில நேரம் நான் சாச்சிருக்கேன், அத மறந்துராத. ஆனா இங்க பாய விரிக்க எடமில்ல. காவல்காரன்லாம் வயிறாரச் சாப்புட்டுட்டு, கைகழுவிட்டு எனக்காகவே காத்துக்கிட்டு இருக்கான். எனக்கு வரவேண்டிய மரியாதையெல்லாம் நான் வாரதுக்கு முன்னாலயே பந்தி வச்சு முடிச்சுட்டாங்களே!"

புலம்பிக்கொண்டே அது தெருவில் இறங்கிப் போனது. சாத்துக்குடி சிரித்த சிரிப்பில் கறிவேப்பிலையும் குலுங்கியது.

சாயந்தரம் ஆவுடையப்பனும் கோமதியும் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். ஆவுடையப்பன் உடம்பு தேறியிருந்தான். கையில் ஆஸ்பத்திரி எதிர்க்கடையில் வாங்கிய ஒரு பை. பைக்குள் இருந்த சாத்துக்குடிகள் கட்டிலைத் தேடி எட்டிப் பார்த்தன. கட்டில் காலியாகக் கிடந்தது.

"நோயாளி எங்க?" என்று அவை திகைத்துப்போய்க் கேட்டன.

தொட்டியிலிருந்த சாத்துக்குடி முற்றத்தைக் காட்டியது. "அந்தா, கயிறு குதிச்சுக்கிட்டு இருக்காளே, அவதான்."