ஆறு மணிக்கு வந்த வரி

இசக்கியப்பனுக்கு ஆசான் தபசும். வயதில் அவரைவிடப் பதினைந்து வருஷம் இளைய பெண். ஆஸ்பத்திரிகளும் மலைக் கிராம நர்சுகளும் ஒரே நோயாளிப் பதிவேட்டில் சேர்ந்து எழுதுவதற்கான மென்பொருளை அவரிடம் கற்றுத்தான் இசக்கியப்பன் எழுதினார்.

ஒரு நாள் கிராம நர்சு சகாயமேரி மூன்று பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார். கையில் மேலதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பிய மெமோ. ஒரு கர்ப்பிணிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதைப் பதிவு செய்யத் தவறினார் என்று அதில் இருந்தது. ராத்திரி ஆஸ்பத்திரியில் அந்த ஊசி போட்டதும் அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரிதாகிவிட்டது.

"நான் எழுதினேன் சார்."

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். அவர் எழுதிய வரி இருந்தது. கீழே 'சேமிக்கப்பட்டது'. மணி இரண்டு பத்து.

இசக்கியப்பன் கணினியில் தேடினார்.

"மூணு மணிக்கு ஆஸ்பத்திரி கிளார்க் அதே பக்கத்துல முகவரியைத் திருத்தியிருக்கார். உங்க போனுக்கு சிக்னல் கிடைச்சு இந்த வரி இங்க வந்ததே ஆறு மணிக்கு. ரெண்டு பேர் ஒரே பக்கத்தை மாத்தினா, எப்ப வந்து சேர்ந்தாலும் சரி, கடைசியா எழுதினவர் பக்கம்தான் முழுசா நிக்கும். மத்தது போயிடும்."

"என்கிட்ட கேக்காமலேயா?"

"நாப்பதாயிரம் போன்மா. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு இருக்க முடியாது. ஏதாவது ஒரு விதி வேணும்."

"சேமிச்சாச்சுன்னு பொய் சொன்னது உங்க மெஷின். மெமோ எனக்கா?"

குரல் உயரவில்லை.

தபசும் எழுந்து வந்து அந்த மெமோவை வாங்கி இசக்கியப்பன் முன்னால் வைத்தார்.

"இதுக்குப் பதில் நீங்க எழுதுங்க சார். உங்க பேர்ல."

இசக்கியப்பன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். மூன்றாவதில், நர்சு எழுதிய வரியைத் தான் எழுதிய நிரல் அழித்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டார். தபசும் படித்துப் பார்த்து, அந்த விதிக்குத் தானே சம்மதம் தந்ததாக அடியில் சேர்த்துத் தானும் கையெழுத்திட்டார்.

சகாயமேரி தாளை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. போய்விட்டார்.

இசக்கியப்பனுக்கு ஆறவில்லை.

"வேற என்ன மேடம் செய்ய முடியும்? ரெண்டு பக்கத்தையும் வெச்சா ரெண்டும் திரையில வரும். ஒண்ணுல ஒவ்வாமை இல்லைன்னு இருக்கும். இன்னொண்ணுல இருக்குன்னு இருக்கும். டாக்டர் குழம்பிப்போவார்."

"குழம்பட்டும்," என்றார் தபசும். "அன்னிக்குக் குழம்பியிருந்தா, ஊசியைக் கீழே வெச்சுட்டு அந்த நர்சம்மாவுக்கு ஒரு போன் போட்டிருப்பார்."