உப்புச் சட்டியை விடாத சடையாண்டி

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட, ம், அப்படித்தான்.

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு, அவரு அரண்மனையில சடையாண்டின்னு ஒரு தலைமைச் சமையக்காரன் இருந்தான். கைப்பக்குவம்னா அப்படி ஒரு கைப்பக்குவம். ஆனா ஒண்ணு, உப்புச் சட்டியை மட்டும் ஒருத்தர் கையில குடுக்க மாட்டான். கக்கத்துல இடுக்கிக்கிட்டேதான் திரிவான்.

ராசா மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. ஆறு அண்டாவுல குழம்பு கொதிக்குது. அம்மி அரைக்கிற ஒச்சாயி, "அண்ணே, நான் உப்புப் போடட்டுமா?"ன்னா.

"நீ அரைக்கிறதைப் பாரு."

இவனே முதல் மூணு அண்டாவுக்குப் போட்டான். அதுக்குள்ள ஒருத்தன் வந்து, "அண்ணே, சோறு வடிக்கலாமா?"ன்னான், இவன் தொட்டுப் பார்க்காம வடிக்கக் கூடாதே, ஓடினான். அப்புறம் "அண்ணே, பாயசம் இறக்கலாமா?" அதுக்கும் ஓடினான். அப்புறம் "அண்ணே, இலையை எங்க போட?" அதுக்கும் ஓடினான். ஓடி ஓடித் திரும்பி வந்தா, எதுல போட்டோம்னு மறந்தே போச்சு. கடைசி மூணுல போட்ட மாதிரி இருந்துச்சு. சரின்னு முதல் மூணுலயே மறுபடியும் அள்ளிப் போட்டான்.

"அண்ணே, அந்த மூணுலயும்..."ன்னா ஒச்சாயி.

"உனக்கு அம்மி இருக்குல்ல?"

நாக்குல வச்சுப் பார்த்தா தெரியாதான்னு கேக்குறீங்களா? சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வைக்கக் கூடாது, அது அந்த அடுப்படி வழக்கம்.

படைச்சாச்சு, முதல் பந்தி உட்கார்ந்தாச்சு. ராசா ஒரு வாய் வச்சாரு, உப்புக் கரிக்குது. பக்கத்துல சம்பந்தி, "எனக்கு உப்பே இல்லையே"ங்கிறாரு.

"யாரு உப்புப் போட்டது?"ன்னாரு ராசா.

இந்த அடுப்பு கையை விட்டுப் போயிடுமேன்னு பந்தி ஓரத்துல நின்ன சடையாண்டிக்குப் பயம். "ஒச்சாயிதான் ராசா"ன்னுட்டான்.

சட்டி அவன் கக்கத்துலயே இருக்கு. ராசா அதைப் பார்த்தாரு, சம்பந்தி பார்த்தாரு, பந்தி மொத்தமும் பார்த்துச்சு. ஒரு பொம்பளை மட்டும் களுக்குன்னு சிரிச்சா.

"அடுத்த பந்திக்குக் குழம்பு சரியாகலைன்னா, ஊரை விட்டே போயிடு"ன்னாரு ராசா.

காது ரெண்டும் எரிய, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அடுப்படிக்கு வந்தான். பந்தியில அவன் சொன்னது அவனுக்கு முன்னாடியே அங்க வந்திருந்துச்சு. ஏண்ணே என் பேரைச் சொன்னீங்கன்னு ஒச்சாயி கேட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும். அவ கேக்கலை. அதுதான் அவனைத் தின்னுச்சு. சட்டியை அவகிட்ட நீட்டினான்.

"கீழ வைங்கண்ணே, இப்ப வேண்டியது உப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு, ரெண்டு ரெண்டு ஆளா நிறுத்தி, கரிக்கிற குழம்புல பாதி, சப்புன்னு இருக்கிறதுல பாதின்னு மாத்தி மாத்தி ஊத்திக் கலக்க வச்சா. அந்த நேரம் பார்த்து, "அண்ணே, அடுத்த சோறு வடிக்கலாமா?"ன்னு ஒருத்தன் வந்தான்.

"உனக்குத் தெரியாததா, வடிச்சிடுப்பா"ன்னான் சடையாண்டி, அவன் முகத்தைப் பார்க்காமலே.

ரெண்டாம் பந்தியில எல்லாரும் குழம்பை மறு தடவை கேட்டு வாங்கினாங்க. இவன் விறகுக் கட்டுக்குப் பின்னாடியே நின்னான். ஒச்சாயி வந்து கூட்டிக்கிட்டுப் போனா, கடைசிப் பந்தியில உட்கார வச்சா, இலையை விரிச்சுத் தண்ணி தெளிச்சா. அப்புறம் அந்தச் சட்டியில இருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, அவன் இலை ஓரத்துல முதல்ல வச்சா.