பூக்காத கள்ளி

“தாயி, அந்தக் கள்ளி இன்னும் பூக்கலை,” என்றான் சடையாண்டி.

மூன்று நாளாகப் பகல் முழுக்கக் கள்ளிக்கு எதிரே தவம் கிடந்துவிட்டு வந்திருக்கிறான், பாவம். மழை பொய்த்துப்போன வருஷம். பட்டியில் நாற்பது ஆடுகள், அதில் பாதி எழுந்து நிற்கவில்லை. பாறைக் கரட்டில் பச்சை என்று மிஞ்சியது அந்தப் பேர் தெரியாத கள்ளிப் புதர் ஒன்றுதான்.

பவளக்கொடி அவனுக்கு மூலிகை சொல்லிக்கொடுப்பவள். அவனைவிடப் பத்து வயது இளையவள்.

“பூத்தா என்னண்ணே செய்வீங்க?”

“பேர் தெரியும். பேர் தெரிஞ்சாத் தீவனமா, நஞ்சான்னு தெரியும். பூவைப் பார்க்காமப் பேர் சொல்லாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். ஆடுங்க எத்தனை நாள் தாங்கும்?”

“நாளைக்குத் தாங்கினாலே பெரிசு. அதைத் தின்ன வச்சாலும் சாகுமோ, வைக்காட்டியும் சாகுமோ. எனக்குப் பயமா இருக்கு தாயி.”

அவள் எழுந்து கரட்டுப் பக்கம் நடந்தாள். அவனும் பின்னாலேயே ஓடினான்.

புதரருகே போனதும் அவன் கண் தானாக மேலே போயிற்று. மொட்டுக்கூட இல்லை.

“கீழே உட்காருங்கண்ணே.”

உட்கார்ந்தான்.

“என்ன இருக்கு?”

“ஆட்டுப் புழுக்கை. முள்ளுல செவலை மயிரு.” அவன் முகம் வெளுத்தது. “பதினஞ்சு நாளைக்கு முன்னாடி காணாமப் போச்சே, நம்ம செவலைக் கிடாய். அது இங்கேதான் வந்திருக்கு. அடி மடலைக் கடிச்சிருக்கு. ஐயோ தாயி, இதைத் தின்னுதான் செத்துச்சா?”

“எத்தனை கடி?”

விரலால் தடவி எண்ணினான். முதல் கடி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது பாதிதான் காய்ந்திருந்தது.

கடைசிக் கடியில் விரல் ஈரமாயிற்று.

“இது இன்னிக்கு விடியக்காலையில கடிச்சது. செவலை சாகலை,” என்றான் மெதுவாக.

அவள் காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டான்.

“இதுக்குப் பேர் என்ன தாயி?”

“எனக்கும் தெரியாதுண்ணே. முள்ளைச் சுட்டுட்டு ஆடுங்களுக்குப் போடணும், தீப்பெட்டி வச்சிருக்கீங்களா?”