கடல் தின்ற பையன்

ஏதென்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் அன்று காலை ஊர்ப்பட்ட கூட்டம். ஆனால் தென்காசியிலிருந்து வந்த கோஷ்டியில் அங்கே இருந்தது இரண்டு பேர்தான். ஒருவர் கங்காதரன் சாமி. இன்னொருத்தி அவருடைய சிஷ்யை வடிவம்மாள்.

மற்றவர்கள் எல்லோரும் மலைமேல் இருக்கிற பழைய கோயிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். வடிவம்மாளுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது.

"நான் அம்மாகூட இருக்கேன்" என்று சாமி முந்திக்கொண்டார். அவருக்கும் ஏற இஷ்டமில்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

சாமி என்றதும் காவி, தாடி என்று நினைத்துவிட வேண்டாம். பேன்ட் சட்டை போட்ட ஆள். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். கப்பலில் வேலை பார்த்து, அலுத்துப்போய் ஊருக்கு வந்தவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வார். பாதி நேரம் பதிலும் சொல்ல மாட்டார். சாமி என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

வடிவம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவைவிடச் சிஷ்யை மூத்தவள். இருந்துவிட்டுப் போகட்டுமே, கேட்க வேண்டியது யாருக்கு இருக்கிறதோ அவர்கள்தானே கேட்க வேண்டும்.

முதல் கூடத்தில் தங்க முகமூடிகள் இருந்தன. செத்துப்போன ராஜாக்களின் முகத்தில் வைத்துப் புதைத்தது என்றார் சாமி. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஈயாக மொய்த்தது கூட்டம். வடிவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தக் கடிகாரத்தில் ஓடியது தென்காசி நேரம். விமானத்தில் எல்லோரும் மாற்றினார்கள், அவள் மாற்றவில்லை.

காரணம் இதுதான். அவள் வீட்டுக்காரர் உலகநாத பிள்ளைக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. அன்றைக்குத் தொடங்கி இந்தப் பயணம் கிளம்பும்வரை வடிவம்மாள் கையால் தவிர ஒரு வாய் சோறு அவருக்கு இறங்கியதில்லை. இறங்க அவள் விட்டதில்லை. அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படும். விரதம் என்றே வைத்துக்கொண்டாள்.

மகன் மகாராஜன் பார்த்தான். அம்மாவும் படுத்துவிடுவாள் போலிருந்தது. ஆவுடை என்று ஒரு அம்மாளை அப்பாவுக்குத் துணையாக வைத்து, அம்மாவை இந்தக் கோஷ்டியோடு கிட்டத்தட்டத் தூக்கி அனுப்பினான். இப்போது ஆவுடையை வேறொரு வீட்டிலும் கூப்பிடுகிறார்களாம். நம் வீட்டிலேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லவா, போகச் சொல்லவா என்று இன்றைக்குள் வடிவம்மாள் சொல்லியாக வேண்டும்.

சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தென்காசியில் மணி ஒன்று அடித்து, அவர் சாப்பிட்டார் என்று தெரிந்து, அதற்கப்புறம் ஒரு காபி. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்த கூடத்தில் ஒரு கல்லறைக் கல். நாற்காலியில் ஒரு சீமாட்டி உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்காரப் பெண் நகைப்பெட்டியை நீட்டுகிறாள்.

"கொடுத்து வச்சவ" என்றாள் வடிவம்மாள். "எவ்வளவு நிதானமா உக்கார்ந்திருக்கா பாருங்க."

"செத்துப்போனவங்க வடிவம்மா. அவங்க சமாதியில நட்ட கல்லு இது."

"அதான் உக்கார நேரம் கிடைச்சிருக்கு."

சாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

அதற்கடுத்து ஒரு பெரிய வெண்கல ஆள். இரண்டு கையையும் விரித்து, எதையோ எறியப் போகிற நிலையில் நின்றார். கை வெறுங்கை.

"வேல் இருந்திருக்கணும்" என்றாள் வடிவம்மாள்.

"என்ன இருந்துச்சுன்னு தெரியலை. கடல்ல கிடந்ததை எடுத்தாங்க. மின்னல்னா வானத்துச் சாமி. சூலம்னா கடல் சாமி. கையில இருந்தது தொலைஞ்சுட்டதால பேரு சொல்ல முடியாம இன்னும் சண்டை போட்டுக்கிடுதாங்க."

வடிவம்மாள் அந்த வெறுங்கையையே பார்த்தாள். சீக்கிரம் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்று தெரியவில்லை.

அவள் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, காவலுக்கு இருந்த அம்மாள் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். வடிவம்மாள் பதறிப்போய்க் கை இரண்டையும் ஆட்டி வேண்டாம் என்றாள். சாமி போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சாமி இது!"

"கொடுத்ததை வேண்டாம்னா அந்தம்மா மனசு நோகும்லா" என்று காலை நீட்டிக்கொண்டார்.

கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. வடிவம்மாள் சுவர் ஓரமாகப் போய் மகனைக் கூப்பிட்டாள்.

"ஏல, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தாச்சா?"

"அப்பவே ஆச்சும்மா."

"அப்பவேன்னா?"

"பன்னெண்டு மணிக்கு. தினமும் அப்பத்தான் ஆவுடையக்கா கொடுக்காங்க."

"ஒரு மணிக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானல வந்தேன்?"

மகன் கொஞ்சம் தயங்கினான். "அப்பாவுக்குப் பன்னெண்டுக்கே பசிச்சிருதும்மா. இடது கையால வயித்தைத் தட்டித் தட்டிக் காட்டுதாரு. அக்கா வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாங்க. இன்னைக்கு ரெண்டாந்தரம் வேற வாங்கிச் சாப்பிட்டாரு."



அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். தினமும் பன்னிரண்டு மணிக்குத்தான் அவள் பூஜையில் உட்காருவாள். பாட ஆரம்பித்தால் ஒரு மணி ஆகும். அந்த நேரம் முழுக்கக் கட்டிலில் அவர் வயிற்றைத் தட்டிக்கொண்டு கிடப்பார். தன் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தாள் அவள். பேச்சு போனாலும் ஞானம் போகவில்லை பாருங்கள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அவர் வேகமாகத் தட்டினால் இன்னும் ஒரு பாட்டுச் சேர்த்துப் பாடினாள்.

"அம்மா? இருக்கியா? ஆவுடையக்காவுக்கு என்ன சொல்ல?"

"போகச் சொல்லிரு. நாளைக்கே எனக்கு டிக்கெட் போடு. வந்திருதேன்."

"என்னம்மா நீ..."

அவள் போனை வைத்துவிட்டாள். திரும்பி வந்து சாமி முன்னால் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். தாளம் போட்ட கதையைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

"அவ கையால ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாகளாம் சாமி. சந்தோஷப்படணும்லா நான்? படலை. வயிறு எரியுது. அவுக சாப்பிடாம கிடந்தா நல்லாருக்குமேன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன். நானெல்லாம் ஒரு பொம்பளையா?"

சாமி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுல்லா பார்த்தேன். ஒரு ராத்திரி அசந்து தூங்கலை. ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகலை. பசிக்குதுன்னு ஒரு மனுஷன் கையைத் தட்டிச் சொன்னது எனக்குத் தெரியலையே. எப்படிச் சாமி தெரியாமப் போச்சு?"

"வாங்க" என்று சாமி எழுந்தார்.

இன்னொரு கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பளிங்கில் ஒரு பையன் சிலை. குனிந்து, கையை முன்னால் நீட்டி, மல்லுக்கு நிற்கிற பையன். சாமி அவளை ஒரு பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அழுத கண்ணோடுதான் பார்த்தாள். ஆனாலும் பார்த்ததும் முகம் இளகிவிட்டது. தோளும் தொடையும் வெண்ணெயில் பிடித்துவைத்த மாதிரி அப்படி ஒரு வழுவழுப்பு.

"எந்த மகராசி பெத்த பிள்ளையோ" என்றாள். "என்ன லட்சணம்."

"இந்தப் பக்கம் வாங்க."

சுற்றி வந்தாள். "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் கல் முழுக்கக் குழி குழியாக அரித்துப்போயிருந்தது. கன்னம் எது, தோள் எது என்று சொல்ல முடியவில்லை.

"அம்மை போட்டவன் சிலையா?"

"இல்லை. ஒரே பையன், ஒரே கல்லு. இவனை ஏத்திக்கிட்டுப் போன கப்பல் கடல்ல முங்கிருச்சு. பாதி உடம்பு மணலுக்குள்ள போயிருச்சு. பாதி வெளியே நின்னுச்சு. கல்லைத் துளைச்சுத் திங்கிற பூச்சியெல்லாம் கடல்ல உண்டு. நானே பார்த்திருக்கேன்."

"எந்தப் பக்கத்தைத் தின்னுச்சு?"

"வெளியே நின்ன பக்கத்தை."

"புதைஞ்சு கிடந்த பக்கத்துக்கு ஒண்ணும் ஆகலையா?"

"அது என்ன, சும்மா கிடந்தது."

வடிவம்மாள் முதல் பக்கத்துக்குப் போனாள். திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். முழங்கால் வலியை மறந்து இன்னொரு தடவையும் சுற்றினாள். சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வடிவம்மா."

"சொல்லுங்க சாமி."

"நல்லாத் தூங்கினது கடைசியா என்னைக்கு?"

"நேத்து ஓட்டல்ல தூங்கினேனே."

"அதுக்கு முன்னால?"

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே நின்றாள். அந்தக் குழி விழுந்த கன்னத்துக்கு எதிரே நின்றுகொண்டு தன் கன்னத்தைத் தடவினாள். அப்படி ஒரு அசதி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷத்து அசதியும் ஒரே நேரத்தில் காலில் இறங்கியது.

கூடத்தின் நடுவே பலகை ஒன்று கிடந்தது. போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல் தானாக உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. மகாராஜன்.

"அம்மா, ஆவுடையக்கா பையை எடுத்து வச்சுட்டு நிக்காங்க. அப்பா அவங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்காரு. நெசமாவே அனுப்பவா?"

மகன் இரண்டு தடவை அம்மா அம்மா என்றான். சேலையைப் பிடித்துக்கொண்டு என்று அவன் சொன்னது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. பொறாமைதான். பொறாமை இல்லை என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை.

"இருக்கச் சொல்லு" என்றாள்.

"என்னது?"

"ஆவுடையை இருக்கச் சொல்லுதேன். இங்கதான் இருக்கணும், வேற வீட்டுக்கெல்லாம் வேண்டாம். பன்னெண்டு மணிக்கே கொடுக்கச் சொல்லு. நான் எல்லாரும் வரும்போதே வருதேன். டிக்கெட்டை மாத்தாத."

போனை மடியில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அவ கையாலயே சாப்பிட்டுச் சாப்பிட்டு, நாளைக்கு அவுக என் கையையே மறந்துட்டாகன்னா?"

சாமி சிலையைப் பார்த்தார். மணலுக்குள் கிடந்த பக்கத்துக் கை அவர்களுக்கு நேராக நீண்டிருந்தது.

"சும்மா கிடந்த அந்தக் கையை ரெண்டாயிரம் வருஷம் ஒருத்தர்கூட நெனைக்கலை வடிவம்மா" என்றார். "விரல் ஒண்ணாவது உதிர்ந்திருக்கா பாருங்க."