நடுத்துண்டு திரும்பி வந்தது

முன்னொரு காலத்தில், சீன தேசத்தில் ஒரு பெரிய ஆற்றங்கரையில், துவான் என்கிற கல்தச்சனின் பட்டறையில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒன்றாக இருந்த பச்சைக்கல் இரண்டாகிப் போனது.

ஜேட் என்கிறோமே, அந்தப் பச்சைக்கல் லேசுப்பட்டதில்லை. உளி வைத்தால் உளிதான் முனை மழுங்கும். வடக்கு மலையில் எடுத்து, நாலு ஊர் கைமாறி, பட்டுக்கும் உப்புக்கும் மாற்றாகப் படகேறி வந்த கல் அது. அதில் துளை போட வேண்டுமானால் மூங்கில் குழாயை மேலே நிறுத்தி, அடியில் ஈர மணலைப் போட்டு, கயிற்றால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி தூரம் மேலிருந்து, மீதி தூரம் கல்லைத் திருப்பிப்போட்டு அடியிலிருந்து. துவான் இருபது நாள் சுழற்றினான். இருபதாம் நாள் அந்த வட்டக் கல்லின் நடுவே துளை விழுந்தது. துளைக்குள் இருந்த கல், கட்டைவிரல் பருமனில் ஓர் உருளையாகத் தரையில் விழுந்து உருண்டது.

அந்த உருளைக்குப் பேர் நடுத்துண்டு. பெரிய வட்டக் கல்லுக்குப் பேர் வட்டு.

"ஐயையோ! என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டாங்களே!" என்று நடுத்துண்டு அலறியது. "அண்ணே! வட்டண்ணே! நான் இங்க கிடக்கேன், பாரு!"

வட்டு பார்த்தது. பதில் சொல்வதற்குள் அரண்மனை ஆட்கள் வந்து அதைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது ராஜா கேட்டுச் செய்யச் சொன்ன பொருள்.

ஒரே கல், ஒரே மலை. அண்ணனுக்கு அரண்மனை, தம்பிக்குக் குப்பை! "நான் திரும்பப் போவேன். என் இடத்துல போய் உட்காருவேன். இது சத்தியம்" என்றது நடுத்துண்டு.

தரையில் கிடந்த மணல் சிரித்தது. "போவே, போவே. நடந்தா, படகுலயா?"

பட்டறையில் இன்னும் எத்தனையோ துணுக்குகள் கிடந்தன. அவற்றுக்கு இந்த ராங்கி எல்லாம் கிடையாது. துவான் ஒவ்வொன்றாக எடுத்து, சின்னதாகத் துளை போட்டு, நூலில் கோத்து விற்றான். ஒன்று கடலோரத்து மீன்காரியின் கழுத்துக்குப் போனது. ஒன்று மேற்கே ஆடு மேய்க்கிறவனின் காதுக்குப் போனது. போகிறபோது எல்லாம் ஒரே குரலில் கூப்பிட்டன. "நீயும் வாயேன்பா! ஒரு துளை போட்டுக்கோ, ஊரு உலகத்தைப் பாக்கலாம்."

"துளையா? எனக்கா?" என்று நடுத்துண்டு சீறியது. "அண்ணன்கிட்டேருந்து என்னைப் பிரிச்சதே துளைதான். நான் முழுசாத் திரும்பிப் போகணும். ஒரு தூசி குறைஞ்சாலும் என் இடம் எனக்குச் சேராது."

ஒருநாள் மேட்டு நாட்டிலிருந்து உப்பு வியாபாரி ஒருவன் வந்தான். நடுத்துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என் பெண்டாட்டி காதுக்கு எடுப்பா இருக்கும். ஒரு குடம் உப்பு தரேன். நடுவுல துளை மட்டும் போட்டுக் கொடு" என்றான்.

துவானின் மனைவி சூயெனுக்கு வாயெல்லாம் பல். "ஏங்க, ஒரு குடம் உப்புங்க! வருஷம் பூரா காணும். சீக்கிரம் போட்டுக் கொடுங்க."

துவான் அதைக் கட்டைப் பிடியில் இறுக்கி, மேலே மூங்கிலைச் சுழற்றினான். நடுத்துண்டு திமிறி வாசல் வரை உருண்டது. மறுபடி பிடித்தான். மூங்கில் பிளந்தது. மூன்றாம் தடவை துவானின் நகம் பெயர்ந்து ரத்தமே வந்துவிட்டது. "சனியன் பிடிச்ச கல்லு! உடம்பெல்லாம் கொழுப்பு" என்று தூக்கி எறிந்தான். வியாபாரி உப்புக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினான்.

சூயென் பெருமூச்சு விட்டாள். எதையும் வீணாக்காத பெண் அவள். நடுத்துண்டைக் கழுவி, ஊறுகாய்ச் சாடிக்குள் கீரை மிதக்காமலிருக்கப் பாரமாக வைத்தாள். ராஜா வீட்டு வட்டுக்குத் தம்பி, புளித்த கீரைக்கு மேல்!

"என்ன ஊறுகாய்க்காரரே, அரண்மனையிலேருந்து பல்லக்கு வந்துச்சா?" என்று மணல் தினமும் கேட்கும். நடுத்துண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வருஷம் அந்தச் சாடிக்குள் கிடந்தது.

எட்டாவது வருஷம் ராஜா கண்ணை மூடினார்.

சவ அடக்கத்துக்கு எல்லாம் தயாரானது. வட்டை ராஜாவின் நெஞ்சின் மேல் வைக்கப்போகும்போது தலைமைப் பூசாரி கையைத் தூக்கித் தடுத்தார். அவர் பதவிக்குப் புதியவர். புதிய ராஜாவின் கண்ணில் பட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு. "இவ்வளவு பெரிய மகாராஜா ஓட்டைக் கல்லோடவா போறது? நடுவுல இருந்த துண்டு எங்கே? கொண்டுவாங்க, முழுசாக்கி வைப்போம்!"

புதிய ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்பாவுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்றார். ஆட்கள் துவானின் வீட்டுக்கு ஓடினார்கள். சூயென் சாடிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். துவானும் கூடவே ஓடி வந்து பூசாரியின் காலில் விழுந்தான்.

"ஐயா, வேண்டாங்க. அது குறை இல்லீங்க. பெரிய ராஜா கேட்டுப் போடச் சொன்னதே அந்தத் துளையைத்தாங்க!"

"கல் தேய்க்கிறவன் எனக்குச் சாஸ்திரம் சொல்றியா?" பூசாரி விட்ட அறையில் துவானின் உதடு கிழிந்தது.

நடுத்துண்டு இதையெல்லாம் எங்கே கேட்டது? அது ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தது. "பாத்தியா மணலே! பல்லக்கு வந்துடுச்சு! அண்ணே, இதோ வந்துட்டேன்!"

பூசாரி அதைத் துளைக்குள் வைத்தார். அது ஆடியது.

நடுத்துண்டு திடுக்கிட்டது. ஒட்டிக்கொள்ளும் என்றல்லவா நினைத்தது? சுற்றிலும் ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி. "அண்ணே, நான் உருகிட்டேனா? ஏன் பொருந்தல?"

"நீ உருகல. நம்ம நடுவுல இருந்ததை மூங்கிலும் மணலும் தின்னு ஏழு வருஷமாச்சு" என்றது வட்டு. "நீ ஏன்டா வந்தே? போயிடு. எப்படியாவது உருண்டு போயிடு!"

அதற்குள் பூசாரி இடைவெளியில் சூடான அரக்கை ஊற்றி, சிவப்புச் சாயம் தடவி, விரலால் அழுத்திவிட்டார். துளை இருந்த இடமே தெரியவில்லை. எல்லாரும் "ஆகா" என்றார்கள். வட்டை ராஜாவின் நெஞ்சில் வைத்து, பெட்டியை மூடி, குழியில் இறக்கினார்கள். பலகை அடுக்கினார்கள். மண் விழுந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?" என்றது நடுத்துண்டு.

"எப்படிடா சொல்லுவேன்?" என்றது வட்டு. "அந்த மனுஷன் தினமும் காலையில என்னைத் தூக்கி, துளை வழியா சூரியனைப் பாப்பார். 'செத்த மூணாம் நாள் என் உயிர் நெஞ்சுலேருந்து கிளம்பும். இது வழியா ஏறி வானத்துக்குப் போவேன். வழியை அடைச்சுடாதே'ன்னு என்கிட்ட சொல்லுவார். பாவி, நீ வந்து அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே!"

தான் வெளியே விழுந்த அன்றைக்கு நடந்தது குப்பையில் எறிந்த கதை இல்லை, ஒரு கதவு திறந்த கதை என்று அப்போதுதான் நடுத்துண்டுக்குப் புரிந்தது. அசைந்து பார்த்தது. முட்டிப் பார்த்தது. வருஷக்கணக்கில் எந்தப் பிடியிலும் அடங்காமல் உருண்ட கல், ஒரு மயிரிழை நகரவில்லை. அரக்கு இறுகிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் அடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, மரியாதையாக.

"துவான் வழி விட்டானே, இங்கதானே இருந்தது?" என்று ராஜாவின் குரல் கேட்டது. "யாரப்பா அங்கே? கொஞ்சம் தள்ளிக்கோ."

"துளை போடுங்க!" நடுத்துண்டு கதறியது. "என்னைத் துளை போடுங்க! ஊசி நுழையற அளவு போதும், யாராவது போடுங்களேன்!"

பலகை இடுக்கு வழியாகக் கொஞ்சம் மணல் உதிர்ந்து அதன்மேல் விழுந்தது. கல்லறை மேடு கட்ட, துவானின் பட்டறையிலிருந்து வாரிக்கொண்டு வந்து கொட்டிய அதே மணல். இந்தத் தடவை அது சிரிக்கவில்லை.

"நான் வந்துட்டேன்பா. ஆனா எனக்கு மூங்கில் வேணுமே. தண்ணி வேணுமே. சுத்தறதுக்கு ஒரு கை வேணுமே."

கைகளெல்லாம் மேலே, மண்ணை இடித்து இடித்து மேடு கட்டிக்கொண்டிருந்தன. அதில் துவானின் கைகளும் இருந்தன.

கீழே ராஜா மறுபடி தட்டினார்.